மொழி சென்ற வழியும் சமயம் சென்ற வழியும்



மனிதப் புவியியல் என்னும் சாஸ்திரத்தில் பண்பாடு, மொழி, சமயம் ஆகிய மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் வைத்துப் பேசுவது நூலாசிரியர்களின் நெடுநாளைய சம்பிரதாயம். அதற்குத் தக்க காரணமும் உண்டு. மனிதன் தான் வாழும் நிலத்தின்மேல் பதிக்கும் முத்திரைகளில் இவற்றைக் காட்டிலும் ஆழமானவை வேறில்லை. ஆயினும் ஓர் அத்தியாயத்தில் சேர்த்தே படித்துப் பழகியதனால், இவை மூன்றும் சேர்ந்தே தோன்றி, சேர்ந்தே பரவி, சேர்ந்தே மறையும் என்ற எண்ணம் நம்மை அறியாமலே மனத்தில் ஊன்றிவிடுகிறது. தேசப்படத்தில் ஒரு நாட்டுக்கு ஒரு வர்ணம் தீட்டி, அங்குள்ளோர் இன்ன மொழியினர், இன்ன சமயத்தினர், இன்ன நாகரிகத்தினர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் வழக்கம் அந்த எண்ணத்தின் விளைவே. மொழி சென்ற வழி வேறு, சமயம் சென்ற வழி வேறு, உறவுமுறையும் உழவும் சென்ற வழி வேறு என்பதையும், அவ்வழிகள் ஓரிடத்தில் சந்திக்கும்போது அந்த மண் எதை ஏற்கிறது, எதை மாற்றுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதே புவியியலாளன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி என்பதையும் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

தமிழ் படித்த நமக்கு இவ்விஷயத்தில் ஒரு தனி இடர்ப்பாடு உண்டு. தொல்காப்பியர் நிலத்தைத் திணைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில் என்பவற்றையெல்லாம் கருப்பொருளாகத் தொகுத்துவைத்த அந்தப் பேரறிவு, நிலத்தையும் மனிதனையும் இணைத்து நோக்கும் பார்வையை மிகத் தொன்மையிலேயே நமக்குத் தந்துவிட்டது. ஆனால், காட்டுக்கு மாயோன், மலைக்குச் சேயோன் என்று நிலமும் தெய்வமும் பிரியாமல் நிற்கும் அவ்வமைப்பில் ஊறிய மனம், ஒரு நிலத்தில் பிறந்த தெய்வம் கடல் கடந்து வேற்று மொழியாரின் நிலத்தில் குடியேறும்போது என்ன நேர்கிறது என்று கேட்க எளிதில் முற்படுவதில்லை. ஐரோப்பியப் புலவர்களுக்கும் இத்தகைய தயக்கம் இருந்தது. ஜெர்மானியரான ராட்ஸெல் 1882இல் வெளியிட்ட தம் பெருநூலில் மனித வாழ்வை இயற்கைச் சூழல் உருவாக்கும் விதத்தையே வற்புறுத்தினார். பிரெஞ்சுக்காரரான விதால் த லா பிளாஷ், இயற்கை வாய்ப்புகளையே தருகிறது, தேர்ந்துகொள்பவன் மனிதனே என்று திருத்தினார். அமெரிக்கரான கார்ல் சாவர் 1925இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், ஒரு பண்பாடு இயற்கை நிலத்தின்மேல் செயற்பட்டுக் காலப்போக்கில் உண்டாக்கும் வடிவத்தைப் பண்பாட்டு நிலத்தோற்றம் எனக் கொண்டு, அதையே புவியியலின் பொருளாக்கினார். இம்மூவர் கருத்தையும் சோதித்துப் பார்ப்பதற்கு மலாய்த் தீவுக்கூட்டத்தைப் போல் வாய்ப்பான பிரதேசம் உலகில் அரிது.

அத்தீவுக்கூட்டத்தின் பெரும்பகுதியாய் இன்று இந்தோனேசியா என்று வழங்கும் நாட்டில் 17,000க்கு மேற்பட்ட தீவுகளும், 700க்கு மேற்பட்ட மொழிகளும், 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி 27 கோடி மக்களும் இருக்க, அவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பேர் முஸ்லிம்களாயிருக்க, நடுவே பாலி என்னும் ஒரு சிறு தீவில் மட்டும் அதே விகிதத்தில் இந்துக்களும், கிழக்கே புளோரஸ் தீவில் போர்த்துக்கீசியர் காலம் முதல் கத்தோலிக்கரும், சுமத்திராவின் தோபா ஏரியைச் சூழ்ந்த மலைகளில் புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்த பாத்தாக் மக்களும் வாழ்கின்றனர்.

முதலில் மொழியை எடுத்துக்கொள்வோம். மேற்கிலும் நடுவிலும் உள்ள தீவுகளின் மொழிகள் பெரும்பாலும் ஆஸ்திரோனேசியம் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழ 1,200 மொழிகளைக் கொண்ட அக்குடும்பத்தின் ஊற்றிடம் தைவான் தீவு என்றும், அங்கிருந்து சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் பிலிப்பைன்ஸ் வழியாகத் தெற்கே இறங்கிய மாலுமிகள், பக்கத்தில் மிதவை கட்டிய படகுகளில் தீவு தீவாகக் குடியேறினர் என்றும் பெரும்பாலான மொழியறிஞர் கொள்வர். ஐந்து என்னும் எண்ணுக்கு மலாயிலும், பிலிப்பைன்ஸின் டகாலோக்கிலும், பசிபிக் நடுவிலுள்ள ஹவாய்த் தீவிலும் லிமா என்றே வழங்குவதும், நியூஸிலாந்தின் மாவோரியர் அதையே ரிமா என்பதும், ஆப்பிரிக்காவின் அருகிலுள்ள மடகாஸ்கரில் அது டிமி என்று நிற்பதும் அந்தப் பிரயாணத்தின் சாட்சிகள். ஜனங்களே மரக்கலம் ஏறிச் சென்று, தம் பேச்சையும் விதைநெல்லையும் உடன்கொண்டு போன இந்த வகையை இடம்பெயர் பரவல் என்று நம் சாஸ்திரம் பெயரிடும்.

மடகாஸ்கரைப் பற்றிச் சற்று நின்று சொல்லியாக வேண்டும். மொழிப் புவியியலில் அதைவிட வியக்கத்தக்க செய்தியை நான் அறியேன். ஆப்பிரிக்கக் கரைக்கு 400 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் அத்தீவின் மலகாசி மொழிக்கு மிக நெருங்கிய உறவு ஆப்பிரிக்காவில் இல்லை. ஏறத்தாழ 7,000 கிலோமீட்டருக்கு அப்பால், போர்னியோவின் உட்பகுதியில் பரித்தோ ஆற்றுப் படுகையில் வாழும் மாஆன்யான் மக்களின் மொழியோடுதான் அது ஒட்டியது என்பதை நார்வே நாட்டு அறிஞர் ஓட்டோ டால் 1951இல் நிறுவினார். அத்தீவினரின் உடலிலோ ஆப்பிரிக்க இரத்தமும் ஆசிய இரத்தமும் கலந்திருக்கின்றன. நடுமேட்டு நிலத்தில் அவர்கள் படிவயல் அமைத்து நெல் விளைவிப்பது ஆசியாவின் வழிவந்த தொழில். தொழுவத்தில் திமில்கொண்ட மாடுகளைப் பெருஞ்செல்வமாகப் போற்றுவது ஆப்பிரிக்கக் கரையோடு உறவுடைய வழக்கம். மொழியைக் கேட்டு ஒருவனுடைய குலத்தைத் தீர்மானித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இந்த ஒரு தீவை ஆழ்ந்து கற்றால் போதும்.

இனிச் சமயத்திற்கு வருவோம். இந்தியாவின் சமயங்கள் தீவுகளுக்குச் சென்ற விதம் மொழி சென்ற விதத்திற்கு நேர்மாறானது. போர்னியோவின் கிழக்கே, மகாகாம் நதிக்கரையிலுள்ள கூத்தாய் என்ற பகுதியில், கி.பி. 400ஐ ஒட்டியவை எனக் கருதப்படும் யூப ஸ்தம்பங்கள் என்னும் வேள்விக் கற்றூண்கள் கிடைத்துள்ளன. பிராமணர்களுக்குக் கோதானம் முதலியவற்றைச் செய்த மூலவர்மன் என்னும் அரசனைப் பல்லவ எழுத்தை ஒத்த லிபியில் சமஸ்கிருத சுலோகங்களால் அவை புகழ்கின்றன. அவன் தந்தையின் பெயர் அசுவவர்மன். பாட்டனின் பெயரோ குண்டுங்க என்பது. பேரனுக்கும் மகனுக்கும் வடமொழிப் பெயர் இருக்க, பாட்டன் மட்டும் உள்ளூர்ப் பெயரோடு நிற்கிறான். இந்தியாவிலிருந்து பெருந்திரளாகக் குடியேறியவர்களின் வம்சமாயின் பாட்டனுக்கு அப்படிப்பட்ட பெயர் இருக்க நியாயமில்லை. உள்ளூர்த் தலைவர் குலமே இரண்டு தலைமுறைக்குள் அரசாட்சிக்கு வேண்டிய சடங்கையும் பட்டத்தையும் பாஷையையும் அழைத்துக்கொண்டது என்பது அந்தக் கல்லிலேயே தெரிகிறது. உச்சியில் உள்ளோர் முதலில் ஏற்று, அவர்களிடமிருந்து கீழே இறங்கும் இதனைப் படிநிலைப் பரவல் என்பர். ஸ்வீடன் நாட்டு ஹாகர்ஸ்ட்ராண்ட் 1953இல் புதுமைகள் பரவும் முறையைக் கணித வடிவில் ஆராய்ந்த பிறகே பரவலின் வகைகள் நம் சாஸ்திரத்தில் தெளிவான இடம் பெற்றன. ஆயினும் கூத்தாய்க் கல்லில் அதன் உதாரணம் பதினைந்து நூற்றாண்டுகளாக நின்றுகொண்டிருந்தது.

லிபி சென்ற இடமெல்லாம் மொழியும் சென்றதா என்றால், அதுவும் இல்லை. சுமத்திராவில் ஸ்ரீவிஜயப் பேரரசு எழுந்தபோது, 671இல் சீனத்திலிருந்து கப்பலேறிய இத்சிங் என்ற பௌத்தத் துறவி அங்கே தங்கிச் சமஸ்கிருத இலக்கணம் பயிலும் அளவுக்குக் கல்வி சிறந்திருந்தது. அப்படியிருந்தும் 680களில் பலெம்பாங் அருகே அவ்வரசு பொறித்த சாசனம் தென்னிந்திய எழுத்தில் இருக்கிறதே ஒழிய, அதன் மொழி பழைய மலாயே. அரசரும் அறிஞரும் பிற தேசத்து எழுத்தை விரும்பிக் கற்றனர், தாய்மொழியை விட்டுக்கொடுக்கவில்லை. பிற்காலத்தில் மலாயை அரபு எழுத்திலும், அதற்கும் பின் ரோமன் எழுத்திலும் எழுதினார்கள். எழுத்து இரண்டு முறை மாறியும் மொழி தன் இடத்தைவிட்டுப் பெயரவில்லை.

தமிழர்களின் பங்கையும் இங்கே நேர்மையாக அளந்து சொல்ல வேண்டும். அதை மிகைப்படுத்துவோரும் உண்டு, மறைப்போரும் உண்டு. சுமத்திராவில் கற்பூரத்திற்குப் பெயர்போன பாரூஸ் துறைமுகத்தின் அருகே, லோபு தூவா என்ற இடத்தில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் கப்பல்களிடம் வாங்கும் ஆயத்தைப் பற்றிச் செய்த ஏற்பாட்டைக் கூறும் அச்சாசனத்தை நீலகண்ட சாஸ்திரியார் 1932இல் ஆராய்ந்து எழுதினார். தமிழில் சாசனம் பொறிக்கும் அளவுக்கு அங்கே நம்மவர் நிலைத்திருந்தனர். ஆனால் இன்று அக்கரையில் அவர்களுடைய வழித்தோன்றல்கள் எவரும் தமிழ் பேசக் காணோம். எஞ்சியவை சில பெயர்களே. வட சுமத்திராவின் காரோ பாத்தாக் மக்களில் செம்பிரிங் என்ற பெருங்குலத்தின் கிளைப்பெயர்களாகச் சோலியா, பாண்டியா, பெலாவி, மெலியாலா என்பவை வழங்குகின்றன. சோழ, பாண்டிய, பல்லவ, மலையாளப் பெயர்களே அவை என அறிஞர் கருதுவர். மலாய் மொழியில் கப்பலும் கடையும் இன்றும் நம் சொற்களாகவே நிற்கின்றன. வணிகன் தனியே சென்று, உள்ளூர்ப் பெண்ணை மணந்து, பிள்ளைகளைத் தாயின் மொழியில் வளரவிட்டால், மூன்றாம் தலைமுறையில் குலப்பெயர் இருக்கும், மொழி இராது. மடகாஸ்கருக்குக் குடும்பத்தோடு சென்றவர்களின் மொழி பிழைத்ததும், பாரூஸுக்குத் தனியாகச் சென்றவர்களின் மொழி மறைந்ததும் இந்த வேற்றுமையால்தான் என்பது என் துணிபு.

இஸ்லாம் பரவியதும் துறைமுகம் வழியே. 1292இல் சுமத்திராவின் வடகரையில் தங்கிய மார்க்கோ போலோ, பெர்லாக் நகரத்தார் வர்த்தகர்களின் தொடர்பால் முஸ்லிம்களாயினர் என்று குறித்தார். பாசாய் நாட்டு முதல் சுல்தானின் கல்லறை 1297ஆம் ஆண்டினது. பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்கா ஓங்கியபோது, கடல்வாணிகம் எந்தெந்தத் துறைகளைத் தொட்டதோ அந்தந்தத் துறைகளில் முதலிலும், உள்நாட்டில் மெல்ல மெல்லவும் அச்சமயம் வேரூன்றியது. அது உலகத்தார் அனைவரையும் அழைக்கும் பொதுச் சமயம். எனினும் தீவினுள் வந்தபின் அது தீவின் பேச்சையே பேசிற்று. அங்குள்ள முஸ்லிம்கள் ரமலான் நோன்பைப் புவாசா என்கின்றனர். அது நம் உபவாசமே. சொர்க்கம், நரகம், தோஷம் முதலிய பழைய வடமொழிச் சொற்களே அவர்களுடைய சமய உரைகளில் புதிய பொருளேற்று வழங்குகின்றன. ஜாவாவின் கூதூஸ் நகரப் பள்ளிவாசலின் செங்கற்கோபுரம் மஜபாஹித் என்ற இந்து-பௌத்த அரசின் காலத்துக் கோவில் அமைப்பை ஒத்திருக்கிறது. இந்துக்களாயிருந்த அயலாரின் மனம் நோகாதிருக்கும்பொருட்டு அவ்வூர் மகான் பசுவைக் கொல்லவேண்டாமென்றார் என்னும் ஐதிகத்தை மதித்து, அவ்வூரார் இன்றும் எருமை இறைச்சியையே சமைக்கும் வழக்கத்தைப் போற்றுகின்றனர். ஒரு சமயம் வேறொரு சமயத்திற்கு இடம் கொடுக்கும்போது இத்தகைய கண்ணியம் நிகழ்ந்திருக்கிறது என்பதை வரலாற்று மாணவர்கள் மறவாதிருக்க வேண்டும்.

சமயம் மாறினால் உறவுமுறையும் மாறிவிடும் என்று எண்ணுவதும் தவறு. மேற்குச் சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் ஆழ்ந்த பக்தியுள்ள முஸ்லிம்கள். ஆனால் அவர்களுடைய பூர்வீக வயலும், எருமைக் கொம்புபோல் வளைந்தெழும் கூரையுடைய பெருவீடும் தாயிடமிருந்து மகளுக்கே செல்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நடந்த பாத்ரி போர், சீர்திருத்தம் வேண்டிய சமயத் தலைவர்களுக்கும் குலமரபுத் தலைவர்களுக்கும் இடையே மூண்டு, டச்சுக்காரர் உள்ளே புகுவதற்கு வழிசெய்தது. அவ்வளவு இரத்தம் சிந்திய பின்னும் தாய்வழி அழியவில்லை. முன்னோர் சொத்து மரபுப்படியும், தானே ஈட்டிய சொத்து இஸ்லாமியச் சட்டப்படியும் இறங்கலாம் என்ற உடன்பாட்டில் சமுதாயம் நிலைபெற்றது. நிலமில்லாத ஆண்மகன் பொருள் தேடி ஊர்விட்டுச் செல்வதே அங்கே வழக்கமாயிற்று. தீவுகளெங்கும் மினாங்கபாவ் சிற்றுண்டிச் சாலைகளைக் காண்பது அதனால்தான். இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பொதுவாகக் கொண்டிருப்பதை அறிந்தவர்களுக்கு இது வியப்பாயிராது.

பாலித் தீவைக் கடைசிக்கு வைத்தேன். ஏனெனில் சாவர் சொன்ன பண்பாட்டு நிலத்தோற்றம் என்பதன் முழுப்பொருளும் அங்கேதான் கண்ணுக்குத் தெரிகிறது. நம்மூரில் வடக்கு என்பது எங்கிருந்து பார்த்தாலும் வடக்கே. பாலியில் மக்கள் வழங்கும் முதன்மைத் திசைகளோ காஜா, கெலோத் என்பவை. காஜா மலையை நோக்கிய பக்கம், கெலோத் கடலை நோக்கிய பக்கம். தீவின் நடுவே எரிமலைகள் நிற்பதால், தென்பாலியில் காஜா என்பது வடக்காகவும், வடகரையிலுள்ள சிங்கராஜா நகரத்தில் அதே காஜா தெற்காகவும் அமைகிறது. வீட்டில் குலதெய்வச் சந்நிதி எந்த மூலையில் நிற்க வேண்டும், தலைவைத்துப் படுப்பது எப்பக்கம், சுடுகாடு எப்பக்கம் என்பவையெல்லாம் இதனால் தீர்மானமாகின்றன. சிவனையும் விஷ்ணுவையும் வழிபடும் சமயம் இந்தியாவிலிருந்து ஜாவா வழியே வந்தது. அதை நிற்கவைத்த திசையோ அந்தத் தீவின் எரிமலையிலிருந்தே பிறந்தது.

மலையுச்சியிலுள்ள பாத்தூர் ஏரியில் நீரின் தேவியான தேவி டானு உறைகிறாள் என்பது அவர்கள் நம்பிக்கை. ஏரியிலிருந்தும் ஊற்றுகளிலிருந்தும் இறங்கும் நீரைச் சுரங்கவாய்க்கால்களாலும் சிறு அணைகளாலும் பகிர்ந்து படிவயல்களுக்குப் பாய்ச்சும் உழவர் சங்கங்களுக்குச் சுபாக் என்று பெயர். 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே அவ்வமைப்பு குறிக்கப்பெறுகிறது. ஒவ்வொரு சுபாக்கும் ஒரு நீர்க்கோவிலைச் சார்ந்தது. பல நீர்க்கோவில்கள் மேலே உள்ள பெரிய கோவிலையும், அவை ஏரிக்கரையிலுள்ள கோவிலையும் சார்ந்து நிற்க, எந்தப் பள்ளத்தாக்கில் எப்போது நடுவது, எப்போது நிலத்தைத் தரிசாக விடுவது என்பது கோவில் கூட்டங்களில் முடிவாகும். இதன் உள்ளே நுட்பமான விவேகம் இருக்கிறது. எல்லோரும் வேறு வேறு நாளில் நட்டால் பூச்சி ஒரு வயலிலிருந்து மறு வயலுக்குத் தாவி ஆண்டெல்லாம் பிழைக்கும். எல்லோரும் ஒரே நாளில் நட்டால் எல்லோருக்கும் ஒரே நாளில் நீர் வேண்டியிருக்கும். மேல்மடையாருக்கு நீர்க்கவலை இல்லை, ஆனால் பூச்சிக்கு அஞ்சுவர். கீழ்மடையார் நீருக்கு ஏங்குவர். கீழ்மடையாருக்கு நீர் விட்டு அவர்களோடு சேர்ந்து தரிசு விட்டால்தான் தம் பயிரும் பிழைக்கும் என்று மேல்மடையார் உணர்ந்து உடன்படுவதற்கான இடமாகவே கோவில் விளங்கிற்று. 1970களில் அரசாங்கம் குறுகிய காலத்தில் விளையும் புதுநெல்லைக் கொடுத்து, கோவில் முறையைப் பாராமல் இடைவிடாது பயிரிடச் சொன்னது. சில ஆண்டுகளுக்குள் புகையான் முதலிய பூச்சிகளும் நோய்களும் பெருகி விளைச்சலை அழித்தன. உழவர்கள் பழைய ஒழுங்குக்கே திரும்பினர். அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங் இதனைக் கணிப்பொறி மாதிரி கொண்டும் சோதித்து 1991இல் நூலாக வெளியிட்டார். 2012இல் யுனெஸ்கோ இந்நிலத்தோற்றத்தை உலகப் பாரம்பரியமாக ஏற்றது. மூடநம்பிக்கை என்று வெளியார் ஒதுக்கிய சடங்கில் ஒரு தேசத்தின் நீரியல் அறிவு குடிகொண்டிருந்ததை நிபுணர்கள் காணத் தவறியது எனக்குப் பெரிதும் வருத்தமளிக்கும் செய்தி. இன்று அந்த வயல்களை விடுதிகளும் மாளிகைகளும் விழுங்கிவருவது அதனினும் வருத்தமானது. வயல் போனால் சுபாக் போகும், சுபாக் போனால் நீர்க்கோவிலில் கூடுவதற்கு ஆளிராது.

தற்கால இந்தோனேசியா இந்தப் பின்னலை எப்படிக் கையாளுகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். மொழியில் அந்நாட்டார் காட்டிய தூரதிருஷ்டி போற்றத்தக்கது. ஜாவானியரே ஜனத்தொகையில் பெரும்பான்மைக்கு அருகில் இருந்தும், 1928 அக்டோபர் 28ஆம் நாள் கூடிய இளைஞர் மாநாடு, சிறுபான்மையோரின் தாய்மொழியும் துறைமுகங்களின் பொதுமொழியுமான மலாயையே இந்தோனேசிய மொழியெனப் பிரதிக்ஞை செய்தது. பேசுவோன், கேட்போன் அந்தஸ்துக்கேற்பச் சொற்களையே மாற்றும் ஜாவானிய மொழியைவிடச் சமத்துவத்திற்கு அது ஏற்றதாகவும் இருந்தது. எவருக்கும் முழு உரிமையில்லாத மொழி எல்லோருக்கும் உரியதாயிற்று.

சமயத்தில் வேறு போக்கைக் காண்கிறோம். ஏக தெய்வ நம்பிக்கையை அரசின் முதற்கோட்பாடாக 1945இல் வகுத்த நாட்டில், பாலியினர் தங்கள் வழிபாட்டுக்கு அங்கீகாரம் பெற, சங் ஹியாங் விதி என்னும் பரம்பொருளை முன்னிறுத்திப் பல ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்தது. பொதுச் சமயங்களுக்கென்று அமைத்த அளவுகோலில் மலையோடும் ஏரியோடும் பிணைந்த சமயம் தன்னைப் பொருத்திக் காட்டவேண்டியதாயிற்று. அத்தகைய வாதத்திற்கு ஆளும் அமைப்பும் இல்லாத சிறு குழுவினர், மேற்கு ஜாவாவின் மலைச்சிற்றூர்களில் சுந்தா விவித்தான் என்ற ஆதிநெறியைக் காக்கும் பாதூய் மக்களைப் போன்றோர், அடையாள அட்டையில் சமயத்திற்குரிய கட்டத்தைக் காலியாக விடவேண்டியிருந்தது. 2017 நவம்பரில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், அவர்களும் அக்கட்டத்தில் 'நம்பிக்கை' என்று எழுதிக்கொள்ளலாம் எனத் தீர்ப்பளித்தது. அரசு ஏற்ற ஆறு சமயங்களுக்குத் தனித்தனிப் பெயர் இருக்க, தீவுகள்தோறும் வேறுபடும் ஆதிநெறிகள் அனைத்துக்கும் அந்த ஒரு சொல்லே கிடைத்திருக்கிறது. எந்த மலையில் எந்த நெறி, அதன் தெய்வம் எந்த ஊற்றில், எந்த வயலில் உறைகிறது என்பதை அட்டை சொல்லாது. அதை நேரில் சென்று கேட்டுப் படமாக வரைந்து தரும் வேலை இன்னும் புவியியலாளருக்காகக் காத்திருக்கிறது.